லிஃப்டுக்கு ஒரு ஞானத்தகப்பன்

வில்காமார்க்கா தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. உண்டா என்று கேட்டால் உண்டு. ஓடுமா என்று கேட்டால் ஓடும்; பொருத்தியவன் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான். அதில் ஏறலாமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அதன் கதவுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டு நாடா, நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. அதை வெட்ட ஒரு ஞானத்தகப்பன் வர வேண்டும். இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று ஐந்து வருஷம் ஓடியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் பெறும் பிள்ளைக்கு மட்டுமில்லை, பேருந்துக்கும் ரொட்டி அடுப்புக்கும்கூட ஞானத்தகப்பன் வேண்டும். அவர் வந்து நாடாவை வெட்டி, வாசலில் தொங்கும் சோளக் கள்ளுக் குடுவையைச் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்தால்தான் அந்தப் பொருள் பிறந்ததாக அர்த்தம். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல நான் யார்? என் மைத்துனன் கட்டிய கோழிக்கூண்டுக்கு நானே ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறேன். ஆனால் கோழிகள் எனக்காக ஐந்து வருஷம் வெளியே நிற்கவில்லை.

மேலிதா வாமான் அந்த லிஃப்டை முதன்முதலாகப் பார்த்தது அப்பாவின் தோளுக்கு மேலாக. ஒன்பது வயதில் மலைச்சரிவில் பேருந்து உருண்டதில் அம்மா போனாள். மேலிதாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. மிச்சம் இருந்தவர் அப்பா நிகாசியோ. சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவர். மகளுக்குச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்த அன்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எத்தனாவது மாடி, தாயி?"

நாலாவது மாடி. மாடிக்கு இருபத்துநாலாகத் தொண்ணூற்றாறு படி.

தினமும் காலையில் சக்கர நாற்காலியைக் கீழே காவலாளி உர்பானோவிடம் ஒப்படைப்பார். கோடு போட்ட கம்பளித் துணியில் மகளை முதுகோடு சேர்த்துக் கட்டி, முடிச்சைத் தன் நெஞ்சின் மேல் போடுவார். ஒவ்வொரு மாடியிலும் நிற்பார். "பொறு தாயி, மூச்சு வாங்கிக்கிறேன்." முதல் மாடியில் சுமையைக் குறை சொல்வார்: "என்ன இன்னைக்கு இந்தக் கனம் கனக்குற? புத்தகத்தைப் படிக்கச் சொன்னா தின்னுபுட்டியா?" இரண்டாம் மாடியில், நேற்று என்ன படித்தாள் என்று விசாரிப்பார். மூன்றாம் மாடியில் பேச மாட்டார். களைப்புத் தெரியாமலிருக்கக் கன்னத்தில் அதக்கிய கோக்கா இலையை அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் படிகளை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். மேலிதாவின் கன்னம் அவர் பிடரியில் பதிந்திருக்கும். முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் அப்பாவின் களைப்பு, கோபம், சிரிப்பு எல்லாம் அந்தப் பிடரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் அரவணைப்பு மற்றும் சமவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அதன் தலைவி பெர்பெத்துவா அம்மாளுக்கு மூட்டுவலி. லிஃப்ட் வந்த மறுவாரமே நிகாசியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, லிஃப்ட் ஓடுது இல்லீங்களா?"

"ஜோரா ஓடுது."

"அப்ப புள்ளைய அதுல ஏத்திக்கட்டுமா?"

"திறப்பு விழா ஆகலையே ஐயா! பதிவேட்டுல அந்த லிஃப்ட் இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காத லிஃப்டுல உங்க மக ஏறிட்டான்னு வைங்க. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல போய்க்கிட்டிருக்கா. அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, உங்க மாணவி எங்கேன்னு கேட்டா, சட்டப்படி நான் என்ன பதில் சொல்ல?"

நிகாசியோ நன்றாக யோசித்தார். "லிஃப்டுல இருக்கான்னு சொல்லலாங்களே?"

பெர்பெத்துவா அம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்.

ஞானத்தகப்பன் என்று வழியில் போகிற ஆளையா கூப்பிட முடியும்? கல்வி மந்திரியே தலைநகர் லீமாவிலிருந்து வர வேண்டும் என்று துணைவேந்தர் டாக்டர் எவரார்தோ தீர்மானித்தார். மந்திரி பெயரைப் பளிங்கில் வெட்டினார்கள். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மந்திரிசபை கவிழ்ந்தது. புது மந்திரி, புதுப் பளிங்கு. அவர் பதினெட்டு நாள் இருந்தார். மூன்றாமவர் விமானமே ஏறிவிட்டார். ஏறும்போது மந்திரி, இறங்கும்போது முன்னாள் மந்திரி. முன்னாள் கையால் திறந்தால் இந்நாள் கோபித்துக்கொள்வாரே என்று அவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் நாட்டில் மந்திரி பதவி பால் மாதிரி, காய்ச்சுவதற்குள் திரிந்துவிடும்.

"பேரை விட்டுட்டு, மந்திரின்னு மட்டும் வெட்டிடுங்களேன்" என்றார் நிகாசியோ. "எவர் வந்தாலும் பொருந்தும்."

"பேர் இல்லாத கல்வெட்டா!" பெர்பெத்துவா அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்பன் பேர் தெரியாத புள்ள மாதிரி இருக்கும் ஐயா."

ஐந்து வருஷத்தில் பதினோரு பளிங்கு மீந்துபோயிற்று. நல்ல கல்லைத் தூக்கிப் போட மனசு வருமா? படிக்கட்டில் எங்கெங்கே படி உடைந்திருந்ததோ அங்கெல்லாம் பதித்தார்கள். எழுத்து மேலே தெரியும்படி பதித்தார்கள், மந்திரிகளைக் குப்புறப் போடுவது மரியாதை இல்லையாம். பளிங்கில் நிகாசியோவின் டயர்ச் செருப்பு வழுக்கியது. அன்று முதல் செருப்பைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார்.

"பார்த்துப்பா, கல்வி மந்திரி மேல கால வைக்கிறீங்க" என்பாள் மேலிதா முதுகிலிருந்து.

"இந்தாளு எத்தனை நாள் இருந்தாரு?"

"பதினெட்டு."

"அதான் இந்த வழுக்கு வழுக்குது."

அப்பாவும் மகளும் அந்தப் படிக்கட்டில் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. சிரிக்காவிட்டால் ஏற முடியுமா என்ன?

இதற்கிடையில் ஒவ்வொரு மார்ச் மாதமும் மேலிதா தன்னால் இன்னும் நடக்க முடியவில்லை என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டும். 'போன ஆண்டிலிருந்து முன்னேற்றம் உண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. மூன்றாம் வருஷம் மருத்துவர் 'இல்லை' என்று எழுதினார். முன்னேற்றம் இல்லாத மாணவிக்குச் சலுகை நீட்டிக்கலாமா என்று அலுவலகம் ஆறு வாரம் ஆலோசனை செய்தது.

நாலாம் வருஷம் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மேலிதாவை லிஃப்ட் முன்னால் உட்கார வைத்து, பொத்தானுக்குக் கிட்டே விரலை நீட்டச் சொல்லி, தொடக் கூடாது என்றும் சொல்லிப் படம் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தங்க முத்திரை கிடைத்தது.

"ஏறிப் பார்க்கலீங்களா?" என்று நிகாசியோ குழுத் தலைவரிடம் கேட்டார்.

"எங்க படிவத்துல 'லிஃப்ட் இருக்கிறதா'ன்னுதான் கேட்டிருக்கு, ஐயா. 'ஏறினீர்களா'ன்னு கேக்கல."

ஐந்தாம் வருஷம் நிகாசியோவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. சுகாதார நிலைய மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் பெருத்துப் போயிருக்கிறது, இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது என்றார். சொன்ன பேச்சைக் கேட்டு அவரும் மறுநாளே சந்தையில் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு, துடைப்பம் பிடித்தார். காலையில் மட்டும் கம்பளித் துணியோடு வந்து நின்றார்.

"டாக்டர் என்னப்பா சொன்னாரு?" மேலிதா கத்தினாள்.

"மூட்டை தூக்கக் கூடாதுன்னாரு. நீ மூட்டையா?"

"நான் படிப்பை நிறுத்திடுறேன்."

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்: "பாடம் எல்லாம் இன்னையோட முடிஞ்சுபோச்சு. ஆராய்ச்சித் தேர்வு ஒண்ணுதான் பாக்கின்னு நீதானே சொன்ன? ஒரே ஒரு நாள் ஏறணும். தொண்ணூத்தாறு படி. அதுக்கா நிறுத்துவ?"

அந்த ஒரே ஒரு நாளுக்காக மேலிதா மனு எழுதினாள். சட்டம் படித்தவள் அல்லவா, எட்டுச் சட்டப்பிரிவுகளைக் காட்டி எழுதினாள். ஒன்று, தேர்வைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். அல்லது ஒரே ஒரு தடவை லிஃப்டைத் திறந்துவிடுங்கள். என் அப்பாவின் இதயம் தாங்காது. மருத்துவச் சீட்டு இணைத்திருக்கிறேன்.

ஆட்சிக் குழு நாலு மணி நேரம் கூடியது. தேர்வு, நிறுவனரின் ஓவியத்துக்குக் கீழேதான் நடக்க வேண்டும். ஓவியம் பழம்பொருள், மாடியிறங்கக் கூடாது. மாணவி கீழே முற்றத்தில் உட்கார்ந்து திரை வழியாகப் பேசலாம், ஆனால் உறுதிமொழிப் புத்தகத்தில் நேரில் கையெழுத்திட வேண்டும், புத்தகமும் மாடியிறங்காது. லிஃப்ட் பற்றித் துணைவேந்தரே எழுந்து பேசினார்.

"மகளே, உன் வலி எனக்குத் தெரியும். போன வருஷம் எனக்குக் கால் சுளுக்கிக்கிட்டு மூணு நாள் மாடி ஏற முடியல. அந்த மூணு நாளும் பல்கலைக்கழகத்துக்கே லீவு விட்டேன். அந்த அளவுக்கு இந்தத் துன்பத்தை உணர்ந்தவன் நான்! ஆனா இன்னைக்கு உன்னை ஏத்தினா என்ன ஆகும்? நாளைக்கு உன்ன மாதிரி இன்னொரு புள்ள வரும். அதைப் பார்த்து இன்னும் நாலு புள்ளைங்க சேரும். அப்புறம் இந்த லிஃப்ட் என்ன கதி ஆகும்? தேஞ்சுபோகும். பன்னிரண்டாவது மந்திரி பதினாலாம் தேதி வர்றதா வாக்குக் கொடுத்திருக்கார். தேஞ்ச லிஃப்டையா அவருக்குக் காட்டுறது?"

"அப்படின்னா தேர்வை ஒன்பதாம் தேதியிலேருந்து பதினஞ்சுக்கு மாத்துங்க ஐயா" என்றாள் மேலிதா. "ஆறே நாள்தான்."

துணைவேந்தர் வருத்தத்தோடு கையை விரித்தார். "அழைப்பிதழ் அச்சடிச்சாச்சேம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி தங்க முத்திரை வாங்கிய பூசாரி.

ஒன்பதாம் தேதி காலையில் சந்தைச் சுமைக்காரர்கள் எட்டுப் பேர் வந்து, இன்று ஒரு நாள் நாங்கள் தூக்குகிறோம் என்று நின்றார்கள். மேலிதாவும் கெஞ்சினாள். நிகாசியோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"அஞ்சு வருஷம் நான் சுமந்துட்டு, வக்கீலாகப் போற அன்னைக்கு அடுத்தவன் முதுகுலயா என் புள்ள போகும்? போங்கடா, போய் வேலையப் பாருங்க."

அந்தச் சட்டையையும் அந்த முகத்தையும் பார்த்து மேலிதா விட்டுக்கொடுத்துவிட்டாள். அந்த ஒரு விட்டுக்கொடுத்தலுக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

கீழே உர்பானோ நாடாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அதில் தூசி படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. "சாவி மட்டும் பெர்பெத்துவா அம்மா மேஜையில இல்லாம என்கிட்ட இருந்திருந்தா, இந்த நாடாவப் பல்லால கடிச்சுப் பிச்சிருப்பேன் அண்ணே" என்றான். நிகாசியோ அவன் தோளைத் தட்டிவிட்டு முடிச்சைப் போட்டுக்கொண்டார்.

முதல் மாடியில் நின்றார். "பொறு தாயி, மூச்சு வாங்கிக்கிறேன். இன்னைக்கு என்ன, கனமே தெரியல? வக்கீலானா லேசாயிடுவாங்களோ?"

இரண்டாம் மாடியில் வெகுநேரம் நின்றார். "ஆமா, என்னத்தத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்க? சொல்லு, கேப்போம்."

"அரசாங்க உத்தரவுல 'உடனடியாக'ன்னு போட்டா, அதுக்கு எத்தனை நாள்னு அப்பா."

"எத்தனை நாளாம்?"

"சராசரி ஆறு வருஷம்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. பிடரி நனைந்து சில்லிட்டிருந்தது. "இறங்கிடலாம்ப்பா, போதும்ப்பா" என்று அவள் அழுதாள். அவர் ஏறினார்.

மூன்றாம் மாடிக்கு ஒரு படி கீழே, பதினெட்டு நாள் மந்திரியின் பளிங்கின் மேல் அவர் உட்கார்ந்தார். ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் அவர் உட்கார்ந்ததில்லை. "பொறு தாயி," என்றார். "மூச்சு வாங்கிக்கிறேன்."

மேலிதா பொறுத்திருந்தாள். கோக்கா இலையை மாற்றிக்கொள்ளும் கன்னம் அசையவில்லை. அவள் கன்னத்துக்கு அடியில் எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும் நரம்பும் அசையவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டாள். சுவரில் தோள் சாய்ந்திருந்த அவர் முதுகில்தான் அவள் கட்டுண்டிருந்தாள். முடிச்சு அவர் நெஞ்சில் இருந்தது; துணிக்குள் இறுகியிருந்த அவள் கைக்கு எட்டவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெற்ற அப்பன் செத்துக் கிடக்கிறான், அவன் முகத்தைத் திருப்பிப் பார்க்கக் கூட அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

மேலேயிருந்து தேர்வுக் குழுச் செயலாளர் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "மேலிதா வாமான்! மூணு தடவை கூப்பிட்டாச்சு. வர்றியா, இல்லியா?"

உர்பானோதான் ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தான். பெர்பெத்துவா அம்மாள் சாவியும் கையுமாக லிஃப்ட் வரைக்கும் வந்தார். நாடாவைப் பார்த்தார். திரும்பிப் போனார். "நான் என்ன செய்யட்டும்? பதினாலாம் தேதி மந்திரி வர்றார். மொத மொதல்ல பொணம் ஏறின லிஃப்ட்னு ஆயிடுமே" என்று நிஜமாகவே அழுதார். சுமைக்காரர்கள் எட்டுப் பேரும் வந்து நிகாசியோவைப் படி வழியாகத் தூக்கிப் போனார்கள்.

தேர்வுக் குறிப்பேட்டில் அன்று எழுதியது இது: 'மாணவி மூன்றாம் மாடி வரை வந்தார். தேர்வு நாலாம் மாடியில் நடந்தபடியால், வரவில்லை என்று கொள்ளப்பட்டது.'

பன்னிரண்டாம் தேதி பன்னிரண்டாவது மந்திரி ராஜினாமா செய்தார். ஆட்சிக் குழு துக்கத்தோடு கூடியது. துக்கம் மந்திரிக்காக.

"நமக்கு வேண்டியது ராஜினாமா செய்யாத ஒரு ஞானத்தகப்பன்" என்றார் துணைவேந்தர்.

"உயிரோட அப்படி யாரும் இல்லீங்களே ஐயா" என்றார் பெர்பெத்துவா அம்மாள்.

"உயிரோட இல்ல..." என்று அவர் சொன்னதையே துணைவேந்தர் திரும்பச் சொன்னார். மெல்ல மெல்ல எல்லார் முகமும் தெளிந்தது. இறந்தவரைப் பதவி நீக்க முடியாது. மந்திரிசபை கவிழ்ந்தாலும் அவர் பெயர் கவிழாது. பளிங்கு ஒன்றே ஒன்று போதும். தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றி, மேஜையைத் தட்டினார்கள்.

மறுநாள் பெர்பெத்துவா அம்மாள் ஒரு கேக்கும் ஒப்புதல் படிவமும் எடுத்துக்கொண்டு மேலிதாவின் அறைக்கு வந்தார். "உங்கப்பா பேர்ல லிஃப்ட்! எந்த மந்திரிக்கும் கிடைக்காத கௌரவம். இறப்புச் சான்றிதழ் நகல் ரெண்டு வேணும், காலாவதி ஆகாததா."

மேலிதா படிவத்தைக் கிழிக்கத்தான் எடுத்தாள். முந்தின வாரம் முதல் வருஷத்தில் சேர்ந்த பெண் நினைவுக்கு வந்தாள். இரண்டு காலும் சூம்பிய பெண். அவள் அம்மா அவளைத் தூக்க ஆரம்பித்திருந்தாள். ஒன்பதாம் தேதி இரண்டாம் மாடியில் அந்த அம்மா நின்று மூச்சு வாங்கியபோது, அவள் பிடரி நனைந்திருந்ததை மேலிதா அப்பாவின் தோளுக்கு மேலாகப் பார்த்திருந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

விழாவன்றே பதினொரு மணிக்கு மேலிதாவின் தேர்வையும் கருணையோடு வைத்துக்கொண்டார்கள். பித்தளை வாத்தியம், மேரி மாதா கொடி, புதுப் பளிங்கு. அதில் 'நிகாசியோ வாமான் லிஃப்ட்' என்று பொன்னெழுத்து. எட்டுச் சுமைக்காரர்களும் ஓரத்தில் நின்றார்கள்.

"நிகாசியோ வாமான் என்ற மாமனிதர்" என்று துணைவேந்தர் முழங்கினார், "ஐந்து ஆண்டுகள் தம் மகளைச் சுமந்தார். அவர் இருந்த வரைக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு லிஃப்ட் தேவை என்பதே தெரியவில்லை. அப்படி ஒரு சேவை! அவர் இன்னும் பத்து ஆண்டு வாழ்ந்திருந்தால் இந்த விழா நடந்தே இருக்காது. ஆகவே அவருடைய மறைவுக்கு நாம் என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்."

கைதட்டினார்கள். மேலிதாவின் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். அவள் குடுவையைத் தட்டினாள். சோளக் கள்ளு முழுவதும் தரையில் கொட்டியது. அப்பா எப்போதும் முதல் வாயை மண்ணுக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். அந்த ஒன்று மட்டும் அன்று அவர் இஷ்டப்படி நடந்தது.

முதல் பயணம் துணைவேந்தருக்கும் பாதிரியாருக்கும் குழுவினருக்கும். ஆறு பேர் ஏறினார்கள். சக்கர நாற்காலிக்கு இடமில்லை. பதினெட்டு நொடியில் நாலாம் மாடி. அங்கே புகைப்படக்காரரோடு, மேலிதா கதவைத் திறந்துகொண்டு வரும் காட்சிக்காகக் காத்து நின்றார்கள். லிஃப்ட் காலியாகக் கீழே வந்தது.

"நானும் வரட்டா தாயி?" என்றான் உர்பானோ, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு.

"வேண்டாம் மாமா."

கதவு மூடியது. மேலிதா ஒன்று என்ற பொத்தானை அழுத்தினாள். முதல் மாடியில் கதவு திறந்தது. யாரும் அவள் கனத்தைக் குறை சொல்லவில்லை. மூடியது. இரண்டை அழுத்தினாள். திறந்தது, என்ன படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றை அழுத்தினாள். கதவு திறந்ததும் எதிரே படிக்கட்டு தெரிந்தது. ஒரு படி கீழே, பதினெட்டு நாள் மந்திரி. மேலிதா நாற்காலியை நகர்த்தி, சக்கரத்தைக் கதவின் இடையில் கொடுத்து நிறுத்தினாள். கதவு வந்து வந்து இடித்தது. அவள் நகரவில்லை.

நாலாம் மாடியில் துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்தினார்.

"என்னய்யா அங்க? மாடிக்கு மாடி நிக்குது! இப்ப மூணாவது மாடியவிட்டு நகரவே மாட்டேங்குது. முதல் நாளே ரிப்பேரா?"

கீழே உர்பானோ பளிங்கில் இருந்த பெயரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ரிப்பேர் இல்லீங்க ஐயா" என்று மேலே பார்த்துச் சொன்னான். "பொறுங்க. நிகாசியோ மூச்சு வாங்குறாரு."